மீன் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மாமா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது. மருந்து ஏதாச்சும் இருக்கா?"

"இன்னைக்கு எந்தத் தண்ணிடா ஊத்தின?" என்றேன்.

அவனுக்கு எரிச்சல். "கொழாத் தண்ணிதான் மாமா. வேற எந்தத் தண்ணி?"

அங்கேதான் கோளாறு. நம் டெல்டாவில் குழாய்த் தண்ணீர் என்று ஒரே ஒரு தண்ணீர் கிடையாது. நான் இருப்பது மயிலாடுதுறைப் பக்கம். என் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஒரு நாள் குளோரின் போட்ட கூட்டுக்குடிநீர் வரும். மறுநாள் மோட்டார் போட்டு மாடி சின்டெக்ஸுக்கு ஏற்றிய போர்த் தண்ணீர் வரும். சம்பில் இரண்டும் கலந்து கிடந்தால், என்ன விகிதத்தில் கலந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் ஒன்றுதான். மீனுக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு தண்ணீரும் ஒவ்வொரு விதமாகக் கொல்லும், அதனால் வைத்தியமும் வேறு வேறு. கடையில் ஒரு நீல மருந்தையும் ஒரு மஞ்சள் மருந்தையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதைத் திறப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். அளவெல்லாம் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கு. கணக்குப் போட்டால் 56 லிட்டருக்குச் சற்று மேல் வரும். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் உண்மையில் நிற்பது 45 லிட்டர்தான். மருந்தோ உப்போ எதைப் போட்டாலும் இந்த 45-ஐ வைத்தே கணக்கிடுங்கள்.

தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் மீன் பாய்கிறது, துள்ளுகிறது, அப்புறம் சாய்கிறது

இது குளோரின். முதலில் மீன் தொட்டிக்குள் அங்கும் இங்கும் அம்பு மாதிரி ஓடும், கண்ணாடியில் மோதும், சில சமயம் வெளியே குதிக்கும். பிறகு மேலே வந்து வேகவேகமாகச் செவுளை அடிக்கும். செவுள் வெளிறிப் போயிருக்கும், உடம்பில் சளி படர்ந்த மாதிரி இருக்கும்.

குடிநீரில் குளோரின் இருந்தே ஆக வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நமக்கு அது காவல். மீனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தொல்லை, ஏனென்றால் செவுளில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது மெல்லிய தோல் மட்டும். அதைத்தான் குளோரின் பொசுக்குகிறது.

என் பன்னிரண்டு கருப்பு மோலியும் ஓர் ஐப்பசி மாதத்தில் இப்படித்தான் போயின. நல்ல மழை, ஆற்றில் கலங்கல். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அப்படிப் போடுவதுதான் சரி, வயிற்றுப்போக்கு வராமல் காப்பதே அதுதான். வாளியில் பிடிக்கும்போதே நீச்சல்குள வாசனை அடித்தது. மூன்று மாதமாக அதே குழாயில் பிடித்து ஊற்றி ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் ஊற்றினேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் நாலு மோலி மல்லாந்து கிடந்தன. தப்பு முழுக்க என்னுடையது. நேற்று ஒத்துக்கொண்ட தண்ணீர் இன்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உடனே செய்ய வேண்டியது: மீனை வலை போட்டு எடுத்து வேறு பக்கெட்டுக்கு மாற்றாதீர்கள். அந்தப் பக்கெட்டிலும் அதே குழாய்த் தண்ணீர்தானே இருக்கும். தொட்டியிலேயே ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை முழுத் தொட்டிக்கான அளவில் விடுங்கள், ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். குளோரின் சில நிமிடத்தில் போய்விடும். வெந்த செவுள் ஆறுவதற்குத்தான் நாள் பிடிக்கும். அன்று முழுக்கத் தீனி வேண்டாம்.

அந்தச் சொட்டு மருந்துக்குள் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். கல்கண்டு மாதிரி இருக்கும். ரசாயனக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், மீன் கடை பாட்டிலை விட எவ்வளவோ மலிவு. 100 கிராம் கல்லை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பழுப்பு நிற பாட்டிலில் வைத்துக்கொண்டால், 10 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு 1 மில்லி போதும். சாதாரண நாளில் வரும் குளோரினுக்கு இது தாராளம். வாசனை தூக்கலாக அடிக்கும் நாளில் 2 மில்லி. கொஞ்சம் கூடிப்போனாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

மருந்தே வேண்டாம், ஒரு நாள் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஆனால் எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. "ராத்திரியே கொடத்துல புடிச்சு வெச்சேன் சார், அப்பவும் செத்துப்போச்சு" என்று ஒருவர் சொன்னார். குடத்துக்கு வாய் குறுகல், அதன் மேல் ஒரு தட்டு வேறு. குளோரின் எந்த வழியாகப் போகும்? அகன்ற அன்னக்கூடை, பிளாஸ்டிக் டப், வாய் திறந்த பக்கெட், இப்படி எதிலாவது வைத்து 24 மணி நேரம் விட வேண்டும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும், உள்ளே ஓர் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் டியூபின் முனையில் மாட்டும் குமிழ்க் கல்) ஓடினால் அதைவிடச் சீக்கிரம். ஆழமான டிரம்மாக இருந்தால் இரண்டு நாள் கொடுங்கள். கொசு முட்டை வைக்காமல் இருக்க மேலே பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். இறுக்கமான மூடி போடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும். ஆற்றுத் தண்ணீரில் அழுகிய இலைதழை, சாக்கடைக் கசிவு என்று அம்மோனியா இருந்து, அதன் மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமைன் உண்டாகும். அது வெறுமனே பிடித்து வைத்தால் லேசில் போகாது. வெள்ளக் காலத்தில் நான் பிடித்து வைத்த தண்ணீருக்கும் ஹைப்போ விடுவது அதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் மஞ்சள் சோதனை செய்யலாம். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) மருந்து நாலைந்து சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்கள் குளோரோஸ்கோப் என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்களே, அதேதான். அவரிடமே கேட்டுப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. தொட்டி கழுவும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார். எனக்கு இன்று வரை மிகவும் பயன்பட்ட மீன் வளர்ப்பு ஆலோசனை அவருடைய "நாளைக்கு ஊத்தாதீங்க"தான்.

எந்த வாசனையும் இல்லை, ஆனாலும் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

எதிர்வீட்டுப் பையனின் கேஸ் இதுதான். போய்ப் பார்த்தேன். துள்ளல் இல்லை, பாய்ச்சல் இல்லை. எட்டு கப்பியும் வரிசையாகத் தண்ணீர் மட்டத்தில் நின்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. குழாயைத் திறந்து கையில் பிடித்தேன். ஜில்லென்று, கண்ணாடி மாதிரி இருந்தது. "மோட்டார் எப்பப் போட்டீங்க?" என்று அவன் அம்மாவைக் கேட்டேன். "இப்பத்தாண்ணே, மத்தியானம் தொட்டி காலி." ஆக, போரிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீர்.

பூமிக்கடியில் வருடக்கணக்காகக் காற்றே படாமல் கிடந்த தண்ணீரில் குளோரின் கிடையாது, அது நிம்மதி. ஆனால் பிராணவாயுவும் கிட்டத்தட்ட கிடையாது. அதோடு கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். சோடா பாட்டில் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், பொங்காத சோடா. மீன் செவுளில் கரியமில வாயுவை வெளியே விட வேண்டும், வெளியேயும் அதே நிறைந்திருந்தால் எங்கே விடும்?

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குழாயில் பிடித்தவுடன் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பாருங்கள். அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, இடையில் மூடியைத் திறந்து காற்று மாற்றி, மறுபடியும் பி.எச். பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் கரியமில வாயுதான். அன்று அவன் வீட்டில் 6.8 இருந்தது 7.6-க்கு வந்தது.

வைத்தியம் நம் வீட்டுப் பழக்கம்தான். டிகிரி காபி ஆற்றுகிற மாதிரி ஆற்றுங்கள். இரண்டு வாளி எடுத்து, தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து தரம் ஊற்றினால் கரியமில வாயு வெளியேறிக் காற்று ஏறிவிடும். அவசரத்துக்கு இது. அவசரமில்லையென்றால் டப்பில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி விட்டால் போதும். பையன் தொட்டியில் ஒரு சொம்பை வைத்து அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னேன். அரை மணியில் கப்பிகள் கீழே இறங்கின. அவன் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த நீல மருந்து திறக்காமலே இருக்கிறது.

சில போர்களில் பிடித்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஹைட்ரஜன் சல்பைடு. ஆற்றினால் இதுவும் போகும், ஆனால் மூக்கில் நாற்றம் படுகிறவரை தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். மிகக் குறைந்த அளவிலும் மீனுக்கு நஞ்சு.

ஊற்றும்போது தெளிவு, ராத்திரிக்குள் மஞ்சள், காலையில் காவி

இரும்பு. வாளியின் உட்புறம் தவிட்டு நிறத்தில் கறை பிடித்திருக்கும், வெள்ளைத் துணி துவைத்தால் பழுப்பேறும், சோறு கொஞ்சம் மஞ்சளாக வரும். இதெல்லாம் உங்கள் வீட்டில் நடந்தால் போரில் இரும்பு இருக்கிறது என்று மீன் வாங்குமுன்பே தெரிந்துகொள்ளலாம். காற்று படாதவரை கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். காற்று பட்டால் துருவாகத் திரிந்து படியும். அது தொட்டிக்குள்ளே நடந்தால் செவுளிலும் படியும், ஃபில்டர் ஸ்பாஞ்சும் அடைத்துப்போகும்.

அதனால் அந்தத் துருவைத் தொட்டிக்கு வெளியே படிய விடுங்கள். டப்பில் ஆற்றி, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள், பிறகு ஏர் நிறுத்தி ஒரு நாள். அடியில் காவி வண்டல் தங்கும். அதைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் டியூபால் இறக்கி, நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். காய்ச்சுவதெல்லாம் வீண் வேலை.

தொட்டி கலங்கிவிட்டது

எந்த நிறத்தில் கலங்கியது என்பதே பதில்.

செம்மண் கலங்கலாக இருந்தால் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. வழக்கமாக மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி திறந்து, கல்லணை வந்து, கடைமடைக்கு வரும்போது முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாகத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படியே. ஒரு நாள் தெளிய வைத்து மேல்தண்ணீரை எடுங்கள். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது மனிதர்களுக்குச் சரி. அது தண்ணீரின் காரத்தைத் தின்று பி.எச்.-ஐ இறக்கும், அலுமினியமும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதனால் மீனுக்கு வேண்டாம். பாட்டி காலத்துப் பானையில் தேய்த்த தேத்தாங்கொட்டையும் வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு அருமையான பொருள், ஆனால் கொட்டையின் சாறு தொட்டியில் அழுகினால் அடுத்த தலைவலி.

பால் ஊற்றின மாதிரி வெண்மையாக, அதுவும் புதுத் தொட்டி வைத்து இரண்டு மூன்று நாளில் என்றால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் சிகிச்சை. தீனியைப் பாதியாக்குங்கள், ஒரு வாரத்தில் தானே தெளியும். பயந்துபோய்த் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினால் தினமும் முதல் நாளாகவே இருக்கும்.

பச்சை என்றால் பாசி. தண்ணீரை நோக வேண்டாம், ஜன்னல் வெயிலை மறையுங்கள்.

முதல் மூன்று நாள் நன்றாக இருந்தது, அப்புறம் தினம் ஒன்றாகச் சாகிறது

இதற்குத்தான் மக்கள் அதிகமாகத் தண்ணீரைத் திட்டுகிறார்கள், பாவம் தண்ணீர் இதில் குற்றமற்றது. குளோரினோ கரியமில வாயுவோ என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். நாலாம் நாளுக்கு மேல் ஆரம்பித்தால் அது அம்மோனியா, மீனின் கழிவும் மிஞ்சின தீனியும்.

பழைய தொட்டியில் இரண்டு வகை பாக்டீரியா குடியிருக்கும். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு, கடைசியானது தண்ணீர் மாற்றும்போது போய்விடும் அளவுக்குச் சாது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது.

இதில் நம் பக்கத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடியது. பி.எச். 7-ல், 30 டிகிரி சூட்டில் அந்தக் கொடிய வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். கடினத்தன்மை உள்ள போர்த் தண்ணீர் ஆற்றியபின் எட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், சித்திரையில் சூடும் 30-க்குக் குறையாது. அதனால் குளிர்ந்த தேசத்துக்காரர் எழுதிய அளவைப் படித்துவிட்டு "0.5 தானே, பரவாயில்லை" என்று இருக்காதீர்கள். நமக்குப் பூஜ்யம்தான் பூஜ்யம்.

அறிகுறி: மூலையில் ஒதுங்கும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், செவுள் ரத்தச் சிவப்பாகும், தீனியைத் துப்பும். நைட்ரைட் ஏறிய கட்டத்தில் செவுள் பழுப்பாகிவிடும், ஏர் பம்ப் ஓடும்போதே மூச்சு வாங்கும். சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட்டில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். எது ஏறியிருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தயார் செய்து வைத்த தண்ணீரால், தேவைப்பட்டால் தினமும். நைட்ரைட் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு, அதாவது நம் தொட்டிக்கு 45 கிராம், கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். குளோரின் வேறு, குளோரைடு வேறு, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது.

குறுக்கு வழி ஒன்றுண்டு, நேர்மையான குறுக்கு வழி. ஆறு மாதமாக நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் போய், அவருடைய ஸ்பாஞ்ச் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். பிழிந்தால் கஞ்சி மாதிரிக் கருஞ்சாறு வரும். பார்க்க அருவருப்பு, ஆனால் கடையில் விற்கும் எந்த பாட்டிலையும் விட அதற்கு மதிப்பு அதிகம். உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். ஈரம் காயாமல் அவர் தொட்டித் தண்ணீரிலேயே எடுத்து வர வேண்டும்.

மீன் எண்ணிக்கையும் பாருங்கள். வாஸ்துவுக்கு எட்டு தங்க மீனும் ஒரு கருப்பு மீனும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 45 லிட்டரில் ஒன்பது கோல்டு ஃபிஷ் என்பது பேருந்தின் ஃபுட்போர்டில் குடும்பம் நடத்துவது. அதிர்ஷ்டம் வருமோ என்னவோ, அம்மோனியா நிச்சயம் வரும். ஆறேழு கப்பி, இல்லையென்றால் நாலைந்து மோலி. அதோடு நிறுத்துங்கள்.

ஃபில்டரைக் கழுவிய மறுவாரம் எல்லாம் கெட்டுப்போனது

குழாயடியில் வைத்து ஸ்பாஞ்சைப் பளிச்சென்று கழுவியிருப்பீர்கள். குளோரின் அதன் வேலையைச் செய்தது, பாக்டீரியா செத்தது, தொட்டி மறுபடி புதுத் தொட்டி ஆனது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். அழுக்காக இருப்பதுதான் அதன் வேலை.

"நான் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், அப்புறமும் சாகிறது"

நல்ல மனசு, தப்பான தண்ணீர். இருபது லிட்டர் கேனில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர், அதில் உப்பையெல்லாம் உருவி எடுத்துவிடுகிறார்கள். பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் அதோடு போய்விடும். தொட்டியில் அம்மோனியா மாறும்போது அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். தாங்குவதற்கு ஆளில்லாததால் இரண்டு மூன்று வாரத்தில் பி.எச். 7-லிருந்து 5-க்குச் சரியும். கப்பி, மோலிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர்தான் பிடிக்கும், அவை முதலில் வாடும். முதுகு வளைந்து, துடுப்பை அசைத்தபடி நின்ற இடத்திலேயே நடுங்கும்.

ஆற்றி வைத்த போர்த் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இல்லையென்றால் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைக் கழுவித் துணியில் முடிந்து ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள். தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் போனால் மடியில் அள்ளி வரலாம். ஒரே நாளில் திருத்தப் பார்க்காதீர்கள், திடீரென்று பி.எச். ஏறினால் அதுவே மீனைக் கொல்லும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்காக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கண்ணாடியில் வெள்ளைக் கோடு, மீன் சோர்வு, தண்ணீர் வாயில் பட்டால் கரிக்கிறது

வெறும் வெள்ளைக் கோடு என்றால் கடினத்தன்மை. அதற்குப் பயப்பட வேண்டாம், எலுமிச்சம்பழத்தோலால் தேய்த்தால் போகும். கரித்தால் மட்டும் யோசிக்க வேண்டும். சீர்காழிக்குக் கிழக்கே, நாகப்பட்டினம், வேதாரண்யம் வரை கடலோரத்தில் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 500-க்குள் இருந்தால் கடையில் விற்கும் மீன் பெரும்பாலும் வாழும். 1,500 பக்கம் போனால் மோலியும் கப்பியும் சந்தோஷமாக இருக்கும், நியான் டெட்ராவுக்கு ஆகாது. உப்போடு சண்டை போடாமல் தண்ணீருக்குத் தகுந்த மீனை வாங்குங்கள் என்பது என் கட்சி.

இன்னொன்று. தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறையாது. குறைந்த தண்ணீரை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பி, பழையதை எடுக்காமலே இருந்தால் டி.டி.எஸ். மாதாமாதம் ஏறும். எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

மத்தியானம் தண்ணீர் மாற்றினேன், மயங்கிவிட்டது

மாடி சின்டெக்ஸில் கத்திரி வெயிலில் கிடந்த தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் பிராணவாயுவும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும், 35-ல் 7-க்கும் கீழே. கோடையில் தண்ணீர் மாற்றுவது விடியற்காலையில்தான். மார்கழியில் நேர்மாறு. ராத்திரியெல்லாம் வாசலில் கிடந்த டப் தண்ணீர் ஜில்லிட்டிருக்கும், அதை ஊற்றினால் ஒரு வாரத்தில் உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். டப்பை முதல் நாளே தொட்டி இருக்கும் அறைக்குள் கொண்டு வந்துவிடுங்கள். இரண்டு தண்ணீரிலும் இரண்டு கையை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. ஹீட்டர் தண்ணீரைக் கலந்து சூடாக்காதீர்கள். சில கீசரின் உள்ளே செம்பு இருக்கும், அது மீனுக்கு ஆகாது.

புது சம்ப், டெங்கு மருந்து, வாய்க்கால்

புதிதாகக் கட்டிய சிமெண்ட் சம்பிலிருந்து எடுத்தால் சுண்ணாம்புக் காரம் இறங்கி பி.எச். 9-ஐத் தாண்டும். மீன் பண்ணைக்காரர்கள் புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, பலமுறை கொட்டிய பிறகே மீன் விடுவார்கள். வாழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்கு என்ன செலவு?

டெங்கு தடுப்புக்கு வருகிறவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றியிருந்தால் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். இறால் வைத்திருப்பவர்களுக்கு அது எமன். சம்பா பயிருக்கு மருந்து அடிக்கும் காலத்தில் வயல் வாய்க்கால் தண்ணீரும், அதில் பிடித்த பாசியும், நத்தையும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் எல்லாம் சரி, ராத்திரியில் மட்டும் சாகிறது

இது என்னை இரண்டு மாதம் சுற்றவிட்டது. குளோரின் பூஜ்யம், அம்மோனியா பூஜ்யம், பி.எச். 7.6, சூடு சரி. ஆனாலும் மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒன்று, விடிந்தால் அடியில் கிடக்கும். சாகுமுன் சுழன்று சுழன்று நீந்தும். பகலில் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். அலமாரியில் ஏர் பம்ப், அதன் கீழே ஒரு சாண் தூரத்தில் கொசுவத்திச் சுருள். பம்ப் அந்தப் புகையை இழுத்து, ஏர் ஸ்டோன் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. கொசுவத்தி, ஸ்பிரே, பிளக்கில் செருகும் திரவம் என்று கொசுவை விரட்டும் பலவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது, மீனுக்குக் கடும் நஞ்சு.

அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றினேன். ஏர் பம்பைத் திண்ணைக்கு எடுத்துப்போய் ஆணியில் மாட்டி, டியூபை ஜன்னல் கம்பிக்குள் விட்டுத் தொட்டிக்குக் கொண்டு வந்தேன். சுருள் இப்போது சமையல்கட்டு வாசலில் எரிகிறது.